நான்தான் சார்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் உடைத்தவர் டீச்சராகத்தான் இருப்பார். சுவரில் மை தெறித்திருந்தால் தெறிக்கவிட்டதும் அவர்தான். வராந்தாவில் தண்ணீர்ப் பானை பிளந்து கிடந்தால் ஹெட்மாஸ்டர் தன் அறையிலிருந்து வந்து பிள்ளைகள் யாரையும் விசாரிக்க மாட்டார். நேரே டீச்சரைப் பார்ப்பார். டீச்சர் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நான்தான் சார். கை பட்டுடுத்து" என்பார். முப்பத்தைந்து வயதுக்காரி ஒருத்திக்கு இத்தனை தடவை கை படுமா என்று ஹெட்மாஸ்டர் கேட்டதில்லை. அப்படியே திரும்பி உள்ளே போய்விடுவார்.

உடைத்தது என் தம்பி சுடலை. அது ஹெட்மாஸ்டருக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அறுபதுகளின் நடுவில், தாராவியில் முனிசிபாலிடி நடத்திய ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார். அம்மா வீட்டிலேயே முறுக்குச் சுட்டு, கடைகளுக்குப் போடுகிறவரிடம் கொடுத்துவந்தாள். வீடு என்றால் ஒரே அறைதான், கோலி என்போம். ஒரு மூலையில் எண்ணெய்ச் சட்டி காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கும். இன்னொரு மூலையில் கட்டில் காலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் சுடலையின் இடுப்பில் முடிந்திருப்போம். வெளியாட்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். கொதிக்கிற எண்ணெய்க்குள் அவன் கையை விடப் போனதை அவர்கள் பார்த்ததில்லை.

சுடலைக்கு என்னைவிட நான்கு வயது குறைவு. பேச்சு அதிகம் கிடையாது. தண்ணி, வேண்டாம், அக்கா என்று சில சொற்கள் வரும், அவையும் எல்லா நாளும் வராது. சத்தம் அவனுக்கு ஆகவே ஆகாது. எங்கள் சந்திலோ ஒரு பக்கம் தகரம் தட்டுகிற பட்டறை, ஒரு பக்கம் ரயில். திடீரென்று எதுவாவது கத்தினால் அவன் காதைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பது யாராக இருந்தாலும் கடித்துவிடுவான். யாரும் இல்லையென்றால் தன் மணிக்கட்டையே கடிப்பான்.

இப்போது இதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்த பெயர்கள் கிறுக்கன், பாகல், பேய் பிடித்தவன் என்பவைதான். மாஹிம் தர்காவில் ஓதிக் கயிறு கட்டினோம். அம்மா தீச்சட்டி எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அரை நாள் காத்துக் கிடந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, பையனுக்கு உடம்பில் ஒரு வியாதியும் இல்லை என்று ஹிந்தியில் சொன்னார். வியாதி இல்லையென்றால் திமிர் என்று அப்பா புரிந்துகொண்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தோல் வாரைக் கையில் எடுத்தார்.

பகலிலாவது அவன் எண்ணெய்ச் சட்டியை விட்டுத் தள்ளி இருக்கட்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் போட்டோம். அதன் பலன் என் தலையில் விடிந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பட்டாவாலா என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். பள்ளிக்கூடத்துப் பியூன் அவர். மணி அடிப்பதும் அவர்தான். வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். என் வாத்தியாரும் எதுவும் கேட்க மாட்டார். நான் எழுந்து போவேன். இரண்டாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும்; சுடலை பெஞ்சுக்கடியில் கிடப்பான். அவனை இழுத்து மடியில் போட்டு, அவன் அடங்கும் வரை என் முழங்கையைக் கடிக்கக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடங்கிய பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். கணக்குப் பாடத்தில் பாதி எனக்கு வராமல் போனது அப்படித்தான்.

டீச்சர் அந்த வகுப்புக்கு வந்தது வருஷத்தின் நடுவில். மாட்டுங்காவில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அண்ணனுக்கு ரயில்வே ஆபீசில் வேலை. டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை; ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. தினமும் ரயில்வே பாலத்தைத் தாண்டி நடந்தே வருவார், சேறானால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

அவர் வந்த முதல் வாரமே பட்டாவாலா என் வகுப்பு வாசலில் நின்றார். நான் போனேன். டீச்சர் வகுப்பு வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தார். வலது கையைத் தலைப்பில் சுற்றியிருந்தார். துணியில் ரத்தம் ஊறியிருந்தது. நான் யார் என்று கேட்டார். சுடலையின் அக்கா என்றேன்.

"இப்போ உன் கிளாஸ்ல என்ன பாடம்?"

"கணக்கு, டீச்சர்."

"போய்க் கணக்கைப் போடு. இவனை நான் பார்த்துக்கறேன்."

நான் நகரவில்லை. கையில் என்ன காயம் என்று ஹெட்மாஸ்டர் வந்து கேட்டபோது, வரும் வழியில் கம்பி கிழித்துவிட்டது என்று டீச்சர் சொன்னது என் காதில் விழுந்தது. பல் பதிந்த காயத்துக்கும் கம்பி கிழித்த காயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை ஹெட்மாஸ்டர். அதற்குப் பிறகு பட்டாவாலா என்னைத் தேடி வருவது நின்றது. வருவார் வருவார் என்று நான்தான் பல நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சருக்கு மந்திரம் எதுவும் தெரியாது. பார்த்துப் பார்த்து, தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டார். சுடலையை முன் பெஞ்சில் உட்கார வைத்தார், தோற்றது. தனியாக உட்கார வைத்தார். தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். கடைசியில் வாசலோரமாக, வெளியே போக வழி தெரிகிற இடத்தில் வைத்தபோது கொஞ்சம் அடங்கினான். வாய்ப்பாட்டை எல்லோரும் சேர்ந்து கத்துவதை நிறுத்தினார். அவர் வகுப்பில் ஈரெட்டுப் பதினாறு என்பதைக்கூடக் கிசுகிசுத்தார்கள். மற்ற டீச்சர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிலேட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஓரம் பிசகாமல் அடுக்குவது சுடலைக்குப் பிடிக்கும் என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அதிலிருந்து, மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வகுப்புச் சிலேட்டையெல்லாம் வாங்கி அவனிடம் கொடுத்து, கட்டிடத்தின் பின்பக்க அறையில் அடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். மணி அடிக்கும்போது அவன் தூரத்தில் இருப்பான். பட்டாவாலா மணியடிக்கும் கட்டையை எடுக்குமுன் டீச்சர் பக்கம் பார்த்துத் தலையாட்டுவார்.

இவ்வளவு செய்தும் வாரத்தில் ஒருநாள் ஏதாவது உடையும். டீச்சர் உடனே தன் தலையில் போட்டுக்கொள்வார். அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. யாரோ ஒரு பொம்பளை, மாட்டுங்காவிலிருந்து வருகிறவர், நம் பிள்ளைக்காக எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு நன்றியைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் டீச்சர் எங்கள் சந்துக்கே வந்துவிட்டார். அம்மா பதறிப்போய் முறுக்கு மாவுக் கையோடு எழுந்தாள். டீச்சர் உட்காரவில்லை.

"இன்னிக்கு நான் அவனை அடிச்சுட்டேன். கன்னத்துல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அம்மா விளங்காமல் பார்த்தாள். "அடிச்சா என்ன டீச்சர், நாங்களும் அடிக்கத்தான செய்யுதோம்" என்றாள்.

டீச்சர் அழுதுவிடுவார் போலிருந்தது. அவன் ஒன்றும் செய்யவில்லை, தனக்குத்தான் அன்றைக்குத் தாங்கவில்லை என்றார். சுடலை கட்டிலடியில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தான். அவர் குனிந்து அவனைப் பார்த்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை. செய்யாததையெல்லாம் செய்தேன் என்று சொல்கிறவர், செய்த ஒன்றையும் வந்து சொல்லிவிட்டுப் போகிறாரே என்று எனக்குத் தோன்றியது.

விடுமுறை நாட்களில் அவனை ஏற்றுக்கொள்கிற பள்ளி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டு போவார். என்னையும் சில தடவை அழைத்துப் போயிருக்கிறார். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில், இவனுக்குத்தான் காது கேட்கிறதே என்றார்கள். கண் தெரியாதவர்களின் பள்ளியில், இவனுக்குக் கண் தெரிகிறது என்றார்கள். மந்தமான பிள்ளைகளுக்கென்று செம்பூர் பக்கம் ஒரு பங்களாவில் யாரோ நடத்திய இடத்தில், அடிக்கிற பிள்ளையை வைத்துக்கொள்ள ஆள் இல்லை, அதுவும் இங்கே எல்லாம் இங்கிலீஷில் என்றார்கள்.  திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கும்போது டீச்சர், இன்னொரு இடம் இருக்கிறதாம் என்பார்.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. தம்பியை அழைத்துப்போக வெளியே காத்திருந்த ஒருநாள், அவர் டீச்சரிடம் தணிந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது. நீங்கள் எல்லாவற்றையும் உங்கள்மேல் போட்டுக்கொள்வதால் மேலே இருக்கிறவர்களுக்கு இப்படியொரு பிள்ளை இருப்பதே தெரியவில்லை என்றார். அவர்கள் கணக்கில் சுடலை என்பவன் தினமும் ஒழுங்காக வந்து போகிற ஒரு பையன். தெரிந்தால்தானே ஏதாவது வழி செய்வார்கள் என்று கேட்டார்.

"தெரிஞ்சா என்ன சார் பண்ணுவா? இவனுக்குன்னு ஒரு ஆள் போடுவாளா? பேரை அடிச்சுட்டு வெளியில அனுப்புன்னு ஒரு வரி எழுதுவா. அப்புறம் அந்தக் கட்டில்கால்தான்."

 யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் முடிவாகத் தெரியவில்லை. டீச்சர் சொன்னது பிறகு நடந்தது; மேலே முன்பே தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்.

பாகிஸ்தான் சண்டை வந்த வருஷம் அது. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தோம். விமானம் வந்தால் எப்படிப் பதுங்குவது என்று பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். ஒரு காலை நேரத்தில் எந்த அறிவிப்பும் இல்லாமல் சைரன் ஊதியது. பட்டாவாலாவால் தலையாட்டி முன்கூட்டிச் சொல்லக்கூடிய சத்தம் இல்லை அது. ஊரே அலறியது. நான் மாடி வராந்தாவில் நின்றிருந்தேன். சுடலை காதைப் பொத்திக்கொண்டு வகுப்பிலிருந்து பாய்ந்து வந்து படியில் ஓடினான். பதுங்குவதற்காகக் கீழே இறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாக்கியம் என்ற நாலாம் வகுப்புப் பெண் அவன் வழியில் நின்றாள். இரண்டு கையாலும் தள்ளினான். அவள் படியில் உருண்டு கீழே போய் விழுந்தாள். டீச்சர் அவன் பின்னால் ஓடி வந்தவர், படியின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

பாக்கியத்தின் கை எலும்பு முறிந்துவிட்டது. அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மத்தியானம் நாலைந்து பேரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அந்தக் கிறுக்குப் பயலை வெளியே அனுப்புங்கள் என்று வாசலில் நின்று கேட்டார். டீச்சர் முன்னால் வந்து, தள்ளியது தான் என்றார். பிள்ளைகளை வேகமாக இறக்கும் அவசரத்தில் தன் கை பட்டுத்தான் அவள் விழுந்தாள் என்றார். பாக்கியத்தின் அப்பா அதை நம்பவில்லை. ஆனால் பெண்பிள்ளைமேல் கை வைக்க அவரால் முடியவில்லை. டீச்சரின் காலடியில் துப்பிவிட்டு, முனிசிபல் ஆபீசில் புகார் கொடுக்கப் போனார்.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். எங்கள் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் துணையாக நானும் அறைக்குள் நின்றேன். டீச்சர் சொன்னதையே மறுபடி சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். அதன்படி பார்த்தால் டீச்சருக்கு வேலை போகும் என்று ஹெட்மாஸ்டர் அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தார்.

அம்மா ஓரடி முன்னால் வந்தாள். "ஐயா, எம் மவன்தான் தள்ளுனான். எம் மவ மாடியில நின்னு பாத்திருக்கா. இந்த அம்மா மேல ஒரு குத்தமும் இல்ல."

"அவங்களுக்குத் தெரியாது சார். நான்தான்" என்றார் டீச்சர்.

"எதுக்கு டீச்சர் இப்படிச் சொல்லுதீய? எங்க பிள்ள செஞ்சதுக்கு நீங்க ஏன் சோத்த இழக்கணும்?"

டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்து, பேசாதீர்கள் என்பது போல அழுத்தினார். அம்மா கையை உதறினாள். இரண்டு பேரும் அந்த அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று, ஒரு குற்றத்துக்காக மாறி மாறி மன்றாடினார்கள். அதிகாரி என்னிடம் திரும்பி, நீ பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன், தம்பிதான் தள்ளினான் என்றேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று சுடலையின் பெயரை அடித்தார்கள். விசாரணையில் பொய் சொன்னார் என்று டீச்சரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். மானமாக உண்மையைச் சொல்லப் போய் இரண்டையும் கெடுத்துவிட்டோமே என்று அம்மா பல நாள் புலம்பினாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்கும் என்பாள்.

சுடலை கட்டில்காலுக்குத் திரும்பினான். முதல் சில நாட்கள் பள்ளிக்கூட நேரம் வந்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் போவான். கயிறு முடிந்த இடத்தில் நின்று சிலேட்டு, சிலேட்டு என்பான். புதிதாக வந்த சொல் அது. பிறகு அதுவும் நின்றது. கடிப்பதும் மோதிக்கொள்வதும் முன்னைவிட அதிகமாயின. அப்பா தோல் வாரை ஆணியில் மாட்டாமல் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்தார். ஒருநாள், கோர்ட்டில் சொல்லி இவனை ரிமாண்ட் ஹோமில் விட வழி இருக்கிறதாம் என்று சொன்னார். அம்மா அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

அந்த நிலைமையில்தான் டீச்சர் தினமும் எங்கள் கோலிக்கு வர ஆரம்பித்தார். அண்ணனும் மன்னியும் திட்டுவதாகத் தெரிந்தது. அதைப்பற்றி அவர் பேச மாட்டார். அம்மா வேலைக்கு இடைவேளை விடுகிற பத்து மணி வாக்கில் வருவார். கயிற்றை அவிழ்த்து, கதவுக்கு எதிரில் தான் உட்கார்ந்துகொள்வார். எங்கிருந்தோ உடைந்த சிலேட்டுகளைச் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். சுடலை அவற்றை அடுக்குவான், கலைப்பான், அடுக்குவான். அவர் போகும்போது மறுபடி கயிற்றைக் கட்டுவது அம்மாதான். டீச்சர் அப்போது திரும்பி நின்றுகொள்வார்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். கோடை லீவு நெருங்கிய சமயம். பட்டாவாலா என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். சுடலைதான் இப்போது பள்ளிக்கூடத்திலேயே இல்லையே என்று நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர் வாயைத் திறந்து, வீட்டுக்குப் போ பாப்பா என்றார்.

கோலியில் கயிறு கட்டில்காலோடு கிடந்தது. சுடலை இல்லை. டீச்சர் சந்து சந்தாகத் தேடப் போயிருந்தார். அம்மா என்னைக் கண்டதும் இழுத்துக் காதோரம் சொன்னாள்.

"நான்தாம்ட்டி அவுத்தேன். இடுப்புல புண்ணா கெடந்துச்சு, பாக்க முடியல. ஒரு குடம் தண்ணி பிடிச்சிட்டு வந்துருவோம்னு பைப்புக்குப் போனேன். கதவச் சாத்துனனா, சும்மா இழுத்து விட்டனான்னு நெனப்பில்ல. வந்து பாத்தா காணும். அதுக்கப்புறந்தான் டீச்சர் வந்தாவ."

பட்டறைக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கூடியிருந்தார்கள். அப்பாவுக்கு ஆள் போயிருந்தது. அவர் தோல் நாற்றத்தோடு, முழங்கால் வரை சுண்ணாம்பு அப்பியபடியே ஓடி வந்தார். கயிற்றைப் பார்த்தார். அதே நேரம் டீச்சரும் மூச்சிரைக்கத் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"யாரு கட்ட அவுத்தது?" என்று அப்பா கேட்டார். அவர் அம்மாவைத்தான் பார்த்தார். 

"நான்தான்" என்றார் டீச்சர். "சீக்கிரம் வந்துட்டேன். அவா பைப்புக்குப் போயிருந்தா. நான்தான் அவுத்துவிட்டேன். கொஞ்சம் கண் அசந்துட்டேன்."

அம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அதிகாரி முன்னால் ஓரடி எடுத்து வைத்தவள், இந்தத் தடவை வைக்கவில்லை. அப்பா டீச்சரின் தோளைப் பிடித்துத் தெருவில் தள்ளினார். இனி இந்தப் பக்கம் காலெடுத்து வைத்தால் வெட்டிவிடுவேன் என்றார். டீச்சர் விழுந்து எழுந்து, புடவையைத் தட்டக்கூடச் செய்யாமல் நடந்து போனார்.

சுடலை கிடைக்கவில்லை. போலீசில் சொன்னோம். அப்பா ரயில் பாதை நெடுக நடந்தார், கழிமுகத்துச் சேற்றில் இறங்கித் தேடினார், ஆஸ்பத்திரிப் பிணவறைகளில் போய்ப் பார்த்தார். உயிரோடு கிடைக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொண்டோம். அப்புறம் எப்படியாவது கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டோம்.

அம்மா சாப்பாட்டை நிறுத்தினாள். யாராவது ஊட்டினால் ஒரு வாய் வாங்கி வைத்துக்கொண்டே இருப்பாள், விழுங்க மாட்டாள். கதவைச் சாத்துவாள், திறப்பாள், மறுபடி சாத்துவாள். அன்றைக்குக் கை என்ன செய்தது என்று கையிடமே கேட்பது போல அதைச் செய்துகொண்டிருப்பாள். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தேன்.

ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்குப் புறப்பட்டாள். டீச்சர் வீடு மாடியில் இருந்தது. மன்னி கதவைப் பாதி திறந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். டீச்சர் வெளியே வந்து, கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டு படிக்கட்டில் எங்களோடு நின்றார். வெயிலில் அலைந்து கறுத்துப்போயிருந்தார்.

அம்மா சொன்னாள்: "என்னால தாங்க முடியல டீச்சர். அவுககிட்ட நெசத்தச் சொல்லப் போறேன். கட்ட அவுத்ததும் நான்தான், கதவத் தெறந்து போட்டதும் நான்தான். சொல்லிட்டு எங்கயாவது போயிருதேன்."

டீச்சர் அம்மாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். எலும்பு தெரிகிற அந்தக் கழுத்தைப் பார்த்தார். பிறகு, நிதானமாக, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

அன்றைக்கு அவர் நிஜமாகவே முன்னதாக வந்தாராம். அம்மா பைப்படியில் இருந்தாளாம். கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனபோது சுடலை கட்டு இல்லாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தானாம். அவனுக்கு ஒரு பிஸ்கட் வாங்கி வரலாம் என்று மூலைக்கடைக்குப் போனாராம். திரும்பி வந்தால் அவன் இல்லை. பயந்துபோய்க் கொஞ்ச தூரம் தேடிவிட்டு, எப்போதும் வருகிற நேரத்துக்கு அப்போதுதான் வருவது போல வந்தாராம்.

"நீங்க கதவைச் சாத்திட்டுத்தான் போயிருந்தேள். திறந்து போட்டது நான்."

"சாத்தியிருந்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"சாத்தியிருந்தது. நான்தான் தள்ளித் திறந்தேன்."

"நல்லாப் பாத்தீயளா?"

"பார்த்தேன்."

அம்மா டீச்சரின் கன்னத்தில் அறைந்தாள். படிக்கட்டு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. டீச்சர் கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோகவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ரயில்வே பாலத்தின்மேல் வந்ததும் நின்று, "அவ சொன்னது நெசமாட்டி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். நெசமாகத்தான் இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, உப்புப் போட்டு, முழுவதும் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை எண்ணெயைக் காய வைத்துக்கொண்டே டீச்சரை ஏச ஆரம்பித்தாள். பிள்ளையைக் கொன்ற பாவி என்றாள். அவள் குடும்பம் விளங்காது என்றாள். அதற்குப் பிறகு ஏசாத நாள் கிடையாது. மாவு பிசையும்போது ஏசுவாள், தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது ஏசுவாள். அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லாமல் போயிற்று. நான் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மூலைக்கடைக்காரரிடம் நான் ஒருநாள் தனியாகப் போய்க் கேட்டேன். அன்றைக்குக் காலையில் டீச்சர் வந்து பிஸ்கட் வாங்கினாரா என்று. அவர் யோசித்துப் பார்த்தார். தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள், எதை நினைவு வைப்பது என்றார். டீச்சர் மாட்டுங்காவில் சொன்னது உண்மையா, அதுவும் கண்ணாடியும் பானையும் உடைத்த மாதிரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய்யே சொல்லாத ஒருவர் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

பள்ளிக் கடைசிப் பரீட்சையான எஸ்.எஸ்.சி. முடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். எழுபதுகள் தொடங்கிய சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஸ்டேஷனில் தோழி ஒருத்திக்காகக் காத்திருந்தபோது டீச்சரைப் பார்த்தேன். தலை பெரும்பாலும் நரைத்திருந்தது. கையில் துணிப்பை. அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டார். வேலை கிடைத்ததைச் சொன்னேன். என் முழங்கைத் தழும்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை, அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டில் இருப்பதில்லையாம். அம்பர்நாத்தில் தொழிற்சாலைக்காரர்களின் வீட்டு வரிசை ஒன்றில், பேச்சு வராத ஒரு தமிழ்ப் பையனை யாரோ வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டாராம். போன மாதம் டிட்வாலா பக்கம் ஒன்று சொன்னார்கள், போய்ப் பார்த்தேன், அவன் இல்லை என்றார். வண்டி வரும் சத்தம் கேட்டது.

"அம்மா இன்னும் என்னைத் திட்டறாளா?" என்று கேட்டார்.

 இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அவர் கேட்பது அதை அல்ல என்று தோன்றியது.

"தினமும் திட்டுதா, டீச்சர்."

"சாப்பிடறாளா?"

"நல்லாச் சாப்பிடுதா."

டீச்சர் தலையசைத்தார். அம்பர்நாத் வண்டி வந்து நின்றது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பெண்கள் பெட்டியின் கூட்டத்துக்குள் முண்டி ஏறினார்.